கறுப்புக் கண்ணாடியில் திரிந்த பால்

"காய்ச்சல் விட்டுருச்சு. பிள்ளையக் குடுங்க, வீட்டுக்குப் போறோம்" என்று பாளையம்பட்டி பால்காரர் லேப் வாசலில் வந்து நின்றார். காய்ச்சல் விட்டதுதான் டாக்டரம்மாவின் பயமே. பால்காரரின் மூன்று வயது மகளுக்குக் கைகால் சில்லிட்டுக் கிடந்தது. ஊசி போட்டாலும் அழவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அருப்புக்கோட்டையில் ஒரு சின்னக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. லாரி கிளீனர், தீப்பெட்டி ஆபீஸ், திருச்சுழியில் ஓட்டல் என்று சுற்றினேன். ஓட்டலில் கிளாஸ் கழுவிய கை என்று இங்கே டெஸ்ட் ட்யூப் கழுவச் சேர்த்தார்கள். பிறகு டாக்டரம்மாவே லேப் வேலையும் பழக்கினார்.

அப்போதுதான் எங்களுக்கு சி.ஆர்.பி. கிட் வந்திருந்தது. உடம்புக்குள் கிருமி பரவினால் ரத்தத்தில் ஏறும் ஒரு புரதத்தைக் காட்டும் டெஸ்ட். பழைய ஈ.எஸ்.ஆர். ரத்த டெஸ்ட் என்றால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இதற்கு இரண்டே நிமிடம். கறுப்புக் கண்ணாடித் தட்டில், ரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் சீரம் ஒரு சொட்டு, மேலே பால்போன்ற லேட்டக்ஸ் திரவம் ஒரு சொட்டு. கலக்கி ஆட்டினால், புரதம் ஏறியிருந்தால் கண்ணெதிரே திரியும்.

"இன்னொரு தடவ ரத்தம் எடுக்கணும்" என்றேன்.

"நேத்துதான் ஒரு ஊசி எடுத்தீக. பிள்ளை ரத்தம் என்ன கெணத்துல ஊறுதா?"

"அண்ணாச்சி, உள்ள வந்து ஒண்ணப் பாருங்க."

நோயில்லாத சீரம் ஒரு பக்கம், ஃபிரிஜ்ஜில் இருந்த அவர் மகளின் நேற்றைய சீரம் ஒரு பக்கம் விட்டு ஆட்டினேன். ஒன்று வழவழவென்று நின்றது. மற்றது திப்பித்திப்பியாக ஒதுங்கியது.

"திரிஞ்ச பாலுல்ல இது" என்று குனிந்தார்.

"எவ்வளவு கெட்டிருக்குன்னு பாக்க, சலைன்ங்கிற உப்புத்தண்ணிய ஒவ்வொரு ட்யூபுலயும் கூடக்கூட ஊத்திப் பாப்போம். நேத்து ரெண்டாவது ட்யூபுக்கு மேல திரியல. தண்ணி கலக்குறதப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா?"

முறைத்தார். "ஆஸ்பத்திரியாச்சேன்னு பாக்கேன்." மறுபடி தட்டைக் குனிந்து பார்த்தார். "சரி, எடு."

புது சீரத்தில் முதல் ட்யூப் திரிந்தது. இரண்டாவது திரிந்தது. மூன்றாவதும் திரிந்தது. நான்காவதை ஆட்டும்போது, நான் வாய் திறக்கும் முன்னே அவர் சொன்னார்: "இவ்வளவு தண்ணியிலயும் திரியுதே. நேத்தவிட மோசமா?"

தட்டோடு ஓடினேன். டாக்டரம்மா மருந்தை மாற்றி ஊசி போட்டுவிட்டு, "மதுரைக்குப் போயே ஆகணும்" என்றார். பிள்ளையைப் படுக்கவைக்க, பால்காரர் தன் வேனிலிருந்து பால் கேன்களை ரோட்டிலேயே இறக்கினார். டாக்டரம்மா டிரிப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு உடன் போனார்.

இப்போது மெஷினே நம்பர் அடித்துக் கொடுக்கிறது. லேப் வேலைக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன்: ஒரு நாள் நம்பரை மட்டும் வைத்து ஆறுதல் சொல்லாதீர்கள், பயமும் காட்டாதீர்கள். மறுநாள் அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். காய்ச்சல் அடிப்பதையும் விடுவதையும் மட்டும் நம்பினால் ஏமாந்துவிடலாம்.

மதுரையிலிருந்து திரும்பிய பிறகு ஒருநாள் பால்காரர் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். ரத்தம் எடுக்கும்போது ஊரே கேட்க அழுதாள். தட்டை அவரே வாங்கி ஆட்டினார். கடைசிவரை வழவழவென்றே நின்றது.

"நல்ல பாலு" என்றார்.

"தண்ணி ஊத்தாததா?"

"ஏலே, என் பால எதுக்கு இதுல இழுக்க?" என்றார். தட்டை மட்டும் திருப்பித் தரவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார்.