காலுக்குத் தெரியாத கல்

டொக்... டொக்... டங்!

பின்னறையில் உளியும் கையுமாகக் குனிந்திருந்தவள் நிமிர்ந்தாள். முன்கூடத்தில் அவள் கணவர் கல்லைத் தட்டிப் பார்க்கிறார். யாரோ ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் மாதிரி விரலை மடக்கி மரியாதையாகத்தான் தட்டுவார். உள்ளே விரிசல் ஒளிந்திருந்தால் கல் வாயை மூடிக்கொண்டு 'டொக்' என்னும். நோய்நொடி இல்லாத கல் 'டங்' என்று வாய்விட்டுப் பதில் சொல்லும்.

"ஏம்மா, இந்தப் பய தேறிட்டான்!" என்று அங்கிருந்தே கூவினார்.

"தேறினவன் தலையில டீ கிளாஸை வைக்காதீங்க!" என்று இவள் இங்கிருந்தே கூவினாள்.

வைத்திருப்பார். அவள் பார்க்கவே வேண்டாம். கல்லின் மேல் டீ குடிப்பார், கல்லின் மேல் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார், மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதும் கல்லின் மேல்தான். ஊரெல்லாம் பயந்து பேசும் பொருளோடு பெற்ற பிள்ளையைப் போலப் பழகுகிறவர். கல்லறைத் தோட்டத்துக்குப் பெயர்க்கல் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும், கொண்டுபோய்ப் பதிப்பதும் அவர் தொழில். பெயரை வெட்டுவது இவள் தொழில். அதனால் இவளை அவர் கூப்பிடுவது 'எழுத்தாளரம்மா' என்று.

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. தோட்டத்தில் புல் வெட்டுகிறவர்கள் வைத்தது: ரசமட்டம். மட்டம் பார்க்கும் அந்தச் சின்னக் கருவி, கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு நீர்க்குமிழோடு, எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும். குமிழ் நடுவில் நின்றால் மனிதர் முகம் மலரும். அரிசி அளவு ஒதுங்கினாலும் சுருங்கும். சொந்தக்காரர் வீட்டு விருந்துக்குப் போனால் சாப்பாட்டு மேசையில் முதலில் உட்காருவது அவர் அல்ல, அந்த ரசமட்டம். முதன்முதலாக எழுத்தாளரம்மாவின் வீட்டுக்கு வந்த அன்று, அவள் கொண்டுவந்த காபியைக்கூடத் தொடாமல் மேசைக்கடியில் தவழ்ந்து, ஆடிக்கொண்டிருந்த காலுக்குப் பேருந்துச் சீட்டை மடித்துச் செருகியவர் அவர். "இந்த ஆளு வீட்டை ஆட விடமாட்டாரு" என்று அவள் அப்பா அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

அந்தத் தோட்டத்தின் விதிகள் கறாரானவை. ரசமட்டம் அவற்றைப் பாட்டு மாதிரி ஒப்பிப்பார்: "நிக்கக் கூடாது, நீட்டக் கூடாது, துருத்தக் கூடாது. எழுத்து பள்ளமா இருக்கணும், மேடா இருக்கக் கூடாது. பூச்சாடி வேணும்னா அதுவும் குழிக்குள்ள." கல் தரையோடு தரையாகப் படுத்திருக்க வேண்டும். புல் வெட்டும் வண்டி அதன் மேல் ஓடினால் வெட்டுத் தகட்டில் ஒரு கீறல் விழக் கூடாது. கொஞ்சம் உயர்ந்தால் நிர்வாகம் பெயர்த்து வேலியோரம் சாத்திவிடும். கொஞ்சம் தாழ்ந்தால் மழைத் தண்ணீர் தேங்கி, அழுகின புல் பெயரை மூடிவிடும்.

குமிழ் சொல்வதோடு அவர் விடமாட்டார். கடைசிச் சோதனை ஒன்று உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, புல்லிலிருந்து கல்லுக்கும் கல்லிலிருந்து புல்லுக்கும் நடந்து பார்ப்பார். விளிம்பு எங்கே என்று கால் கண்டுபிடித்துவிட்டால் கல்லைத் தூக்கி மறுபடி மணலை நிரவுவார். "காலுக்குத் தெரியக் கூடாதும்மா. அப்பத்தான் சரியா படுத்திருக்கான்னு அர்த்தம்." முகத்துக்கு எதுவும் பூசாத மனிதர், பாதத்துக்கு மட்டும் தினமும் களிம்பு பூசுவார். தோல் தடித்தால் விளிம்பு தெரியாதாம். "சினிமா நடிகைகூடத் தன் முகத்தை இப்படிப் பாத்துக்க மாட்டா" என்று எழுத்தாளரம்மா நொடிப்பாள். நொடித்துக்கொண்டே களிம்பையும் எடுத்துக் கொடுப்பாள்.

இரவு முழுக்க மழை கொட்டினால் விடிந்ததும் ஆளைக் காணாது. ஒரு வாளி மணலோடு தோட்டத்துக்குப் போயிருப்பார். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கேட்டால், "ராத்திரி பயலுங்க எப்படித் தூங்கினானுங்கன்னு பாத்துட்டு வந்தேன்" என்பார்.

கடையின் முன்கூடத்தையே அவர் ஒரு சின்னத் தோட்டமாக்கி வைத்திருக்கிறார். வாசலிலிருந்து மேசை வரைக்கும் மணல் பரப்பி, புல் பதித்து, நடுநடுவே மாதிரிக் கற்கள். கறுப்பு, சாம்பல், வெளிர்சிவப்பு. வருகிறவர்கள் அவற்றின் மேல் நடந்துதான் வருவார்கள்; நடந்தோம் என்பதே பலருக்குத் தெரியாது. தேறின கல்லையும் இப்போது அங்கேதான் பதித்துக்கொண்டிருக்கிறார் என்பது ரப்பர் சுத்தியலின் மெத்தென்ற சத்தத்திலிருந்து எழுத்தாளரம்மாவுக்குப் புரிந்தது. பிறகு சத்தம் நின்றது. செருப்பைக் கழற்றியிருப்பார். கண்ணை மூடியிருப்பார்.

அந்த நேரம் பார்த்துத்தான் வாசல் கதவு திறந்தது.

"அட கடவுளே! பேரு வெட்டுற கல்லு மேல வெறுங்காலோட ஏறி நிக்கிறாரே மனுஷன்!"

ஒரு பெண் குரல். எழுத்தாளரம்மா உளியைக் கீழே வைத்தாள்.

"வாங்கம்மா, வாங்க" என்றார் ரசமட்டம் பதறிப்போய். "செருப்போட நின்னா சரியா தெரியாது, அதான்..."

"கேட்டீங்களா அண்ணி! செருப்போடயும் நிப்பாராம்!"

எழுத்தாளரம்மா எட்டிப் பார்த்தாள். இரண்டு பெண்கள். கூச்சலிட்டவள் பருத்த உடம்போடும் சிவந்த கண்களோடும் நின்றாள். அவளுக்குப் பின்னால், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒல்லியான இன்னொருத்தி. நாத்தனாரும் அண்ணியும். அண்ணியின் கணவர் சலூன் வைத்திருந்தவர். மழைக்காலத் தொடக்கத்தில் இறந்துபோய், இதே கல்லறைத் தோட்டத்தில் வெறும் மண்மேடாகப் படுத்திருக்கிறார். இந்த விவரங்களை நாத்தனார் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

"எங்கண்ணன் ஆறடி உசரம்ங்க. தலை நிமிந்து நடந்த மனுஷன். அவரைப் போயி தரையோட தரையா வச்சு, போறவன் வர்றவன் எல்லாம் மிதிக்கணுமா? மலையடிவாரத்துல இன்னொரு கல்லறைத் தோட்டம் இருக்கு. அங்க ஆள் உசரத்துக்குக் கல்லு வைக்கலாமாம். இவரை எடுத்து அங்கயே கொண்டுபோயிடலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

"முடிவு பண்ணிட்டு இங்க ஏம்மா வந்தீங்க?" என்று அப்பாவியாகக் கேட்டார் ரசமட்டம்.

"அண்ணிதான் கடைசியா ஒரு தடவை கேட்டுட்டுப் போலாம்னாங்க."

அண்ணி முதல்முறையாக வாயைத் திறந்தாள். "இங்கன்னா சாயங்காலம் நடந்தே வந்துடுவேன். அங்க ரெண்டு பஸ் மாறணும். என் முழங்காலுக்கு..." மீதியை விழுங்கிவிட்டாள். சொல்லாதது எழுத்தாளரம்மாவுக்குப் புரிந்தது. கணவனை ஒருமுறை மண்ணுக்குக் கொடுத்தாயிற்று. இப்போது தூரத்துக்கும் கொடுக்கச் சொல்கிறார்கள். அன்பால்தான் சொல்கிறார்கள். அதனால்தான் மறுக்க முடியவில்லை.

ரசமட்டத்தின் கை சட்டைப் பைக்குள் போயிற்று. கருவியை உள்ளேயே உருட்ட ஆரம்பித்துவிட்டார் என்றால் மனிதர் தவிக்கிறார் என்று அர்த்தம். கல்லோடு நாள் முழுக்கப் பேசுவார், மனிதர்களிடம் பேச வராது. தெரிந்த ஒரே பாட்டை எடுத்தார். "நிக்கக் கூடாது, நீட்டக் கூடாது, இங்க விதி அப்படிம்மா..."

"செத்த மனுஷனுக்கு உங்க விதி தெரியுமா?"

"அவருக்குத் தெரியாதும்மா. புல் வெட்டுற வண்டிக்குத் தெரியும்."

எழுத்தாளரம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு இத்தனை காலம் குடும்பம் நடத்தியதற்குத் தனக்கும் யாராவது ஒரு கல் வைக்கலாம், அது ஆள் உயரத்துக்கே இருக்கலாம் என்று தோன்றியது. டீயைக் கலந்து எடுத்துக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தாள். நாத்தனாரை உட்காரவைத்தாள். அண்ணியின் கையில் டம்ளரைத் திணித்தாள்.

அப்போதுதான் ரசமட்டம் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வருகிற ஒவ்வொரு குடும்பத்திடமும் கேட்பார். கல்லுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அது தெரியாமல் அவரால் மண்வெட்டியைத் தொட முடியாது.

"அண்ணன் எந்தப் பக்கமா ஒருக்களிச்சுப் படுப்பாரு?"

நாத்தனார் முறைத்தாள். அண்ணியோ, யாரும் இத்தனை நாளாகக் கேட்காத ஒன்றைக் கேட்டுவிட்டது போல நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒருக்களிக்கவே மாட்டாரு. மல்லாந்துதான். அதுவும் தரையில."

"தரையிலயா?"

"நாள் முழுக்க நின்னுக்கிட்டே செய்யிற வேலைதானே. வீட்டுக்குள்ள வந்ததும் கூடத்துக்கு நடுவுல சாஞ்சிடுவாரு. கட்டில் வாங்கிப் போட்டேன். அதுல துணி மடிச்சு வச்சாரு. சமையலறைக்குப் போறவங்க எல்லாம் அவரைத் தாண்டித்தான் போகணும்."

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்" என்றாள் நாத்தனார், கோபத்தை மறந்து. "ஒரு நாள் கரண்ட் போயிடுச்சு. நான் தண்ணிக் குடத்தோட வந்து நேரா அவர் வயித்து மேலயே கால வச்சுட்டேன். அப்ப நான் கொஞ்சம் கனமா வேற இருப்பேன்..."

"இப்ப மட்டும் என்னவாம்?" என்றாள் அண்ணி.

நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். துக்கம் நடந்த நாளிலிருந்து அண்ணி விட்ட முதல் கேலி அது. இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"சொல்ல விடுங்க அண்ணி! குடத்துத் தண்ணி மொத்தமும் அவர் மேல. ஐயோன்னு ஒரு சத்தம் இல்ல. இருட்டுல கிடந்துக்கிட்டே கேக்குறாரு, 'பாப்பா, உன் கால் பிசகலியே? பாத்துப் போம்மா.' மிதிச்சவ நான். மிதி வாங்கினது அவரு. விசாரிச்சதும்..."

சிரிப்பு பாதியிலேயே உடைந்தது. முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பருத்த உடம்பு குலுங்கியது. அண்ணி எழுந்துபோய் அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். சட்டைப் பைக்குள் உருண்டுகொண்டிருந்த கை நின்றுவிட்டதை எழுத்தாளரம்மா கவனித்தாள்.

நாத்தனார் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். குரல் இன்னும் அதட்டலாகத்தான் வந்தது. "ஏங்க, கல்லு யார் காலயாவது தடுக்குமா? எவனாவது இடறி விழுந்துட்டு எங்கண்ணனைத் திட்டிடக் கூடாது."

ரசமட்டத்தின் முகம் மலர்ந்தது. இது அவருக்குத் தெரிந்த பாஷை. "காலுக்கே தெரியாதும்மா! இப்ப நீங்களே உள்ள வரும்போது இத்தனை கல்லு மேலயும் நடந்துதானே வந்தீங்க?"

நாத்தனார் திரும்பி வந்த வழியைப் பார்த்தாள். "ஐயையோ!" என்று நாற்காலியிலேயே கால்களைத் தூக்கிக்கொண்டாள்.

அண்ணி தூக்கவில்லை. மெதுவாக நடந்துபோய் வாசலுக்கு அருகே இருந்த சாம்பல்நிறக் கல்லின் முன் குந்தினாள். முழங்கால் மளுக்கென்றது. உள்ளங்கையால் கல்லிலிருந்து புல்லுக்கும், புல்லிலிருந்து கல்லுக்கும் தடவிப் பார்த்தாள்.

"எனக்கு இது போதும்."

"அது மாதிரிக்கு வச்சதும்மா. அதே ரகத்துல புதுசு..."

"புதுசு வேணாம்ங்க. இதைத் தாண்டி வந்திருக்கேன், எனக்குத் தெரியவே இல்ல. அவரும் இப்படித்தான் படுத்திருப்பாரு. இதையே குடுங்க. அவர் இங்கயே இருக்கட்டும்."

கடைசி வார்த்தையை நாத்தனாரைப் பார்த்துச் சொன்னாள். நாத்தனார் தலையாட்டினாள், பேச வரவில்லை.

ஆனால் எழுத்து விஷயத்தில் பேச்சு வந்துவிட்டது. வழி நெடுகத் தானே கட்டிய கவிதை ஒன்றை நெஞ்சில் வைத்திருந்தாள். "அணையாத தீபமே, அசையாத ஆலமரமே, கலங்கரை விளக்கமே..."

"இந்தக் கல்லுல தீபத்தை ஏத்திட்டா ஆலமரத்துக்கு இடம் இருக்காதும்மா" என்றாள் எழுத்தாளரம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "பேரு, அதுக்குக் கீழ ஒரு வரி. அவ்வளவுதான் தாங்கும்."

"எங்கண்ணனை ஒரே வரியில எப்படிங்க சொல்றது?"

"பார்த்துப் போங்க" என்றாள் அண்ணி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அதைத்தான் போடணும். முடி வெட்டிக்கிட்டுப் படி இறங்குற ஒவ்வொருத்தர்கிட்டயும் அதைத்தான் சொல்லுவாரு. அவரை மிதிச்சவங்ககிட்டயும் அதைத்தான் சொன்னாரு."

எழுத்தாளரம்மா விரலால் காற்றில் எழுதிப் பார்த்தாள். கல்லுக்கு அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது அந்த வரி. கண்ணில் எதுவோ விழுந்துவிட்ட பாவனையில் முந்தானையை எடுத்துக்கொண்டாள்.

புறப்படும்போது நாத்தனார் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்தக் கல்லின் மேலும் படாமல் புல்லில் தாவித் தாவிப் போனாள். அண்ணி எப்போதும் நடப்பது போலவே நடந்தாள். சாம்பல்நிறக் கல்லின் மேல் ஒரு கணம் நின்று, வாசல் நிலையைப் பிடித்துப் படி இறங்கினாள். தெருவில், "சாயங்காலம் நானும் வர்றேன் அண்ணி" என்று நாத்தனார் சொல்வது கேட்டது.

கதவு திறந்தே கிடந்தது. அதைச் சாத்துவதற்காக ரசமட்டம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தினமும் பலமுறை போய்வரும் வழி அது. கற்களின் மேலேயே விடுவிடென்று போவார். கறுப்பின் மேல் நடந்தார். வெளிர்சிவப்பின் மேல் நடந்தார். சாம்பல்நிறக் கல் வந்ததும் கால் தானாக நின்றது.

திரும்பி மனைவி பார்க்கிறாளா என்று பார்த்தார். அவள் டம்ளர்களைப் பொறுக்குவதில் மும்முரமாக இருப்பவள் போலக் குனிந்துகொண்டாள். பிறகு அவர் செருப்பைக் கழற்றினார். தன் பெரிய உடம்பைச் சுவரோடு ஒட்டி, வயிற்றை எக்கி, ஓரத்து மணலில் பக்கவாட்டில் அடியெடுத்து வைத்து, அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனார். தூங்குகிறவர் விழித்துக்கொள்ளக் கூடாதே என்பது போல, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார்.