மூன்று நிமிடம் பேச ஒரு வேன் நிறைய ஆட்கள்: பூதலூரிலிருந்து தஞ்சாவூருக்கு

இந்த வலைப்பூவைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும்: நான் அருவிக்குப் போவேன், கோட்டைக்குப் போவேன், நல்ல காபி கிடைக்குமென்றால் நாற்பது கிலோமீட்டர்கூடப் போவேன். கூட்டத்துக்கு மட்டும் போக மாட்டேன். அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்த கூட்டங்களே ஏழு ஜென்மத்துக்குப் போதும். அப்படிப்பட்ட நான் போன மாசியில், சம்பா அறுவடை முடிந்த கையோடு, இணையச் சேவை விதிகள் பற்றிய கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போய் வந்தேன். காரணம் என் மனைவியின் தம்பி சேகர். பூதலூரில் விவசாயம் செய்கிறான். "அத்தான், நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்சவரு, கூட வந்தா எங்களுக்குத் தெம்பா இருக்கும்" என்று ஃபோனில் சொன்னான். எனக்குத் தெரிந்த கம்ப்யூட்டர் இந்த வலைப்பூவோடு சரி. ஆனால் இப்படி ஒருவர் சொல்லும்போது மறுக்க எனக்கு மனம் வருவதில்லை.

திருச்சியிலிருந்து பூதலூருக்குப் பாசஞ்சர் ரயிலில் பத்து ரூபாய். முப்பது கிலோமீட்டர் சொச்சம். காலை ஆறரைக்கு ஏறி ஏழேகாலுக்கு இறங்கினேன். மறுநாள் சுவாமிமலை போய்ச் சிலை வார்ப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்புவதாகத் திட்டம். அதற்காகக் கேமராவையும் எடுத்து வந்திருந்தேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பூதலூரில் ஜெசிந்தா என்று ஒருவர் இருக்கிறார். முப்பது வயதிருக்கும். கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். அறுவடைக் காலத்தில் நெல் அறுக்கும் மெஷினுக்கு ஊரே அலையும். ஈர வயல் என்றால், டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் பெல்ட் மெஷின்தான் புதையாமல் இறங்கும். அது எங்கே நிற்கிறது, எப்போது வரும் என்பது புரோக்கர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த ரகசியமாக இருந்தது. ஜெசிந்தா ஒரு சைட் போட்டார். எந்த மெஷின் எந்த வயலில் நிற்கிறது, எத்தனை மணிக்கு ஒழியும் என்பதை டிரைவர்களே அதில் பதிவார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்று சீசனாக ஓடுகிறது. மெஷின்காரர்கள் தரும் சந்தாவில்தான் ஜெசிந்தாவின் குடும்பம் நடக்கிறது.

இப்போது அரசுத் தரப்பில் ஒரு வரைவு விதி வந்திருந்தது. இணைய கம்பெனிகள் 'கிராம பேக்' என்று மலிவாக ஒன்றை விற்கலாம்; அதில் கம்பெனி தேர்ந்தெடுத்த சைட்டுகள் வேகமாகத் திறக்கும், மற்றவை ஆமையாக ஊரும். மெஷின் வாடகைக்கென்று ஒரு பெரிய ஆப் அந்தப் பட்டியலில் ஏறத் தயாராக நின்றது. "டிரைவர் எல்லாரும் அந்த பேக்தான் போடுவாங்க சார். என் சைட் திறக்கிறதுக்குள்ள மழை வந்து நெல்லு சாஞ்சிரும்" என்றார் ஜெசிந்தா. அன்று காலை அவர் கையில் இருந்த, கூட்டத்தில் பேசுவதற்காக எழுதிய தாள் மடித்து மடித்துக் கிழியும் நிலைக்கு வந்திருந்தது.

நல்லவேளையாக, விதியை முடிவு செய்வதற்கு முன் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டார்கள். அறிவிப்பில், 'பொதுமக்கள் அனைவரும் கலந்துகொள்ளலாம், தலைக்கு மூன்று நிமிடம் பேசலாம்' என்று இருந்தது. எங்கள் பக்கத்தில் 'அனைவரும்' என்று ஒருவர் எழுதிவிட்டால் அது அழைப்பு. அழைத்த இடத்துக்கு இரண்டு பேராகப் போவது மரியாதையில்லை, வெறுங்கையோடு போவது அதைவிட மரியாதையில்லை. எனவே சேகர் வேன் பிடித்துவிட்டான். நாலாயிரம் ரூபாய், டிரைவர் பேட்டா தனி. இருபத்தாறு பேர். மடியில் மூன்று தாம்பாளங்கள்: ஒன்றில் பூவன்பழம், ஒன்றில் வெற்றிலை பாக்கு, ஒன்றில் கற்கண்டு.

எட்டேகாலுக்குக் கிளம்பி, இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடி, ஒன்பது மணிக்குத் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தோம். கூட்டம் ஒரு ஹோட்டல் ஹாலில். வாசல் காவலாளி தாம்பாளங்களைப் பார்த்தார், எங்கள் பெண்களின் பட்டுப்புடவைகளைப் பார்த்தார்.

"நிச்சயதார்த்தமா? மண்டபம் பின்னாடித் தெருவுல இருக்குங்க."

"இல்லீங்க, இன்டர்நெட் விஷயமா வந்திருக்கோம்" என்றான் சேகர்.

காவலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

உள்ளே நாற்பது நாற்காலி. கூட்டத்தை நடத்திய அதிகாரி அம்மா தாம்பாளத்தை வாங்குவதா வேண்டாமா என்று தவித்து, கடைசியில் புரொஜெக்டருக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். முதலில் கம்பெனிக்காரர்கள் படம் போட்டுப் பேசினார்கள். எல்லாப் படத்திலும் ஒரு ஏழை விவசாயி ஃபோனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அசல் விவசாயிகள் இருபது பேருக்கு மேல் பழத்தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு பெயர்ப்பட்டியல்படி அழைத்தார்கள். முதல் பெயர் சேகர். மைக்கைப் பிடித்து, "என் முறைய ஜெசிந்தாவுக்கு விட்டுத் தர்றேங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான். அடுத்தவர் எழுந்தார். "எம் முறையும் அந்தப் பொண்ணுக்கேங்க." வரிசையாக இருபத்திரண்டு பேர்!

வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துப் பாய்ச்சுவது இங்கே வழக்கம். உன் முறை உனக்கு வேண்டாமென்றால் பக்கத்து வயலுக்கு விட்டுத்தரலாம். பேச்சுக்கும் அதுதான் சட்டம் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். அதிகாரி அம்மா விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். முறையை விட்டுத்தரக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. "அப்போ உங்களுக்கு அறுபத்தொன்பது நிமிஷம்மா" என்றார் பரிதாபமாக.

மூன்று நிமிடத்துக்குத் தயாரான ஜெசிந்தாவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் பேசினார்.

"இந்த சைட் போடறதுக்கு நான் யாரையும் கேக்கலங்க. பேர் பதிஞ்சேன், அன்னைக்கு சாயந்தரமே திறந்துட்டேன். கேக்கணும்னு இருந்தா எங்க வீட்லயே வேணாம்னு சொல்லியிருப்பாங்க. பெரிய கம்பெனி என்னைவிட நல்லா செஞ்சு ஜெயிக்கட்டும், நான் மூடிட்டுப் போறேன். என் வாய்க்கால அடைச்சு ஜெயிக்கக் கூடாது, அவ்ளோதான்."

கைதட்டினோம். கடிகாரம் நான்கு நிமிடம் காட்டியது. மீதி அறுபத்தைந்து நிமிடத்தை என்ன செய்வதென்று ஜெசிந்தா எங்களைப் பார்த்தார்.

"மிச்சத் தண்ணி அடுத்த வயலுக்குத்தாங்க" என்று பின்னாலிருந்து யாரோ குரல் கொடுத்தார்கள். அதிகாரி அம்மாவும் ஓய்ந்து போய், பட்டியலில் அடுத்த பெயரை வாசித்தார். கோவிந்தராசு.

சேகர் தலையில் கை வைத்தான். கோவிந்தராசுதான் அந்தப் பழைய புரோக்கர். ஜெசிந்தாவோடு மூன்று சீசனாகப் பேச்சுவார்த்தை கிடையாது. எங்களுக்குத் தெரியாமல் பைக்கில் வந்து, தனியாகப் பெயர் கொடுத்து, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அறுபத்தைந்து நிமிடத்தையும் நாங்களே தாம்பாளத்தில் வைத்து அவரிடம் கொடுத்துவிட்டோம்.

"என் பொழப்பைக் கெடுத்தது இந்தப் பொண்ணுதாங்க" என்று ஆரம்பித்தார். கம்பெனிக்காரர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "முன்னாடி பெல்ட் மெஷின் வேணும்னா என்னைத்தான் கேக்கணும். நான் மூணு நாள் இழுத்தடிப்பேன். அதான் தொழில். சைட் வந்ததும் ஒருத்தனும் ஃபோன் பண்ணல. ஆறு மாசம் கடுப்புல கெடந்தேன். அப்புறம் வைக்கோல் கட்டுற மெஷினுக்கு நானும் ஒரு சைட் போட்டேன். எந்த வயலு அறுத்து முடிஞ்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இந்தப் பொண்ணு சைட்டைப் பாத்துத்தான். அது எல்லாரும் பாக்கற மாதிரி திறந்து கெடக்கு. அவங்க என்னைக் கேட்டுப் போடல, நானும் அவங்களக் கேட்டுப் போடல. இப்ப எதுக்கு ரெண்டு பேரும் கம்பெனியப் போய்க் கேக்கணும்?"

இரண்டு நிமிடம்தான் பேசினார். மீதியை யாருக்கும் விடாமல் உட்கார்ந்துவிட்டார். அவர் இப்படி ஒரு தொழில் செய்வதே அதுவரை ஜெசிந்தாவுக்குத் தெரியாது.

புதுத் தொழில் என்றால் கண்ணாடிக் கட்டடத்தில், குளிர்ந்த அறையில் பிறக்கும் என்று நான் நினைத்திருந்தேன். யாரையும் கேட்கத் தேவையில்லாத ஓர் இடம் இருந்தால் பூதலூர் புரோக்கர்கூட, அதுவும் கடுப்பில், ஒன்றை ஆரம்பித்துவிடுகிறார். அந்த இடத்தின் விதியை எழுதும்போது வெற்றிலைத் தட்டோடு வந்தவர்களையும் உட்காரவைத்துக் கேட்டார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இப்படிக் கூட்டத்துக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒன்பதரைக்குள் பெயர் கொடுத்துவிடுங்கள். வரைவை வீட்டிலேயே படித்துவிட்டுப் போங்கள், இணையத்தில் இலவசமாகவே கிடக்கிறது. தெரிந்ததை மட்டும் பேசுங்கள். இருபத்தாறு பேராகப் போனால் சாப்பாடு பற்றாது; எங்களுக்குத் தயிர்சாதம் மட்டும்தான் வந்தது, பூவன்பழம் காப்பாற்றியது. நான் சுவாமிமலை போகவில்லை. தயிர்சாதமும் பழமும் சேர்ந்து செய்த வேலை, விவரம் வேண்டாம்.

ஆறு வாரம் கழித்து இறுதி விதி வெளியானது. கிராம பேக் பிரிவை எடுத்துவிட்டிருந்தார்கள். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பேர் பேசியிருக்கிறார்கள். ஆனால் தன் வேனால்தான் எடுத்தார்கள் என்று சேகர் சொல்லித் திரிகிறான். அன்று மாலை ஜெசிந்தா ஃபோன் செய்தார்.

"ஜெயிச்சுட்டோம் சார்." குரலில் சுரத்தே இல்லை.

"என்னம்மா ஆச்சு?"

"கோவிந்தராசு அண்ணன் நேத்துலேர்ந்து அவர் சைட்ல அறுப்பு மெஷினையும் சேத்துட்டாரு. என்னோடதைவிட நல்லா இருக்கு சார். எந்த ஊர்ல மழை வரும்னுகூடக் காட்டுது."

"உங்கள ஒரு வார்த்தை கேக்காமலா?"

மறுமுனையில் சிரிப்பு கேட்டது.

"கேக்க வேண்டாம்னு மைக் புடிச்சுப் பேசுனது நான்தானே சார். வைங்க, வேலை இருக்கு. நாளைக்குள்ள என் சைட்லயும் மழையக் கொண்டாரணும்."