ட்வைட் டெஸ்கி ஏன் இறங்கிப் போனான்

ஆர்லன் கட்லெக் எல்ம் க்ரீக் கல்லூரியில் முப்பத்து நாலு வருஷம் மல்யுத்தக் கோச்சாக இருந்தார். அதில் முதல் எட்டு வருஷம் அவருக்கு எல்லாம் தெளிவாகத்தான் இருந்தது. அயோவாவின் வடகிழக்கு மூலையில் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கிற சின்னக் கல்லூரி அது. பண்ணைப் பையன்கள் வருவார்கள். கழுத்து எது, தோள் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத உடம்புக்காரர்கள். அவர்களை ஓட விட்டு, எடை பார்த்து, பிடி சொல்லிக்கொடுத்து, போட்டி நாளில் 'மேட்' என்கிற மல்யுத்த மெத்தையின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்த வேண்டும். வேலை அவ்வளவுதான். கத்துவதில் அவரை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. "உன் புருஷன் கத்துறது பார்க்கிங்ல நிக்கிற எனக்கே கேக்குதும்மா" என்று சர்ச்சில் அவர் மனைவி லவானிடம் சொல்வார்கள்.

குழப்பம் ஆரம்பித்தது 1976 பிப்ரவரியில், பிராந்தியக் கல்லூரிகளின் இறுதிப் போட்டியில்.

அப்போது அவரிடம் இருந்தவர்களில் சிறந்தவன் ட்வைட் டெஸ்கி. நூற்று ஐம்பத்தெட்டு பவுண்டு பிரிவு. பன்றி வளர்க்கிற குடும்பம், வாய் திறந்து பேசமாட்டான், நாலு வருஷத்தில் ஒரு பயிற்சிக்கும் தாமதமாக வந்ததில்லை. இறுதிச் சுற்றில் ஆறுக்கு இரண்டு என்று முன்னால் இருந்தான். நாற்பது விநாடிதான் பாக்கி. எதிராளி கீழே, டெஸ்கி மேலே. ஆனால் எதிராளி இடுப்பைத் திருப்பிக்கொண்டிருந்தான். புரட்டிவிட்டால் அவனுக்கு இரண்டு புள்ளி. நாமாக விட்டுவிட்டால் ஒன்றோடு போகும். அதனால் கட்லெக் எப்போதும் கத்துவதைத்தான் அன்றும் கத்தினார்.

"விட்டுடு!"

டெஸ்கி விட்டான். எதிராளி எழுந்தான். டெஸ்கியும் எழுந்தான். பிறகு தாடைப் பட்டையை அவிழ்த்து, காதுக்கவசத்தைக் கழற்றி, எதிராளியிடம் போய்க் கை கொடுத்தான். நடுவரிடம் என்னவோ சொன்னான். மேட்டை விட்டு இறங்கி, கட்லெக்கைத் தாண்டி, உடை மாற்றும் அறைக்கு நடந்து போய்விட்டான்.

எதிராளி இன்னும் மல்லுக்கு நிற்கிற மாதிரியே கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றான். நடுவர் ஓடி வந்தார்.

"கோச், உங்க பையன் விலகிக்கிறேங்கிறான். அடி ஏதாவது பட்டுருக்கா?"

"இல்லையே."

"அப்புறம் என்ன?"

"எனக்கென்னய்யா தெரியும்? உங்ககிட்டதானே சொன்னான்!"

"'போதும், நன்றி'ன்னான். சாப்பாட்டுப் பந்தியில சொல்ற மாதிரி."

கட்லெக் உள்ளே போனபோது டெஸ்கி குளித்துக்கொண்டிருந்தான். கண்ணீர் இல்லை, கோபம் இல்லை. "ஏன்டா?" என்றார். "பரவாயில்ல கோச்" என்றான், ஏதோ இவருக்குத்தான் ஆறுதல் தேவைப்படுகிற மாதிரி. திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பன்றி இறைச்சி சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப் போனான். அதற்குப் பிறகு மேட்டில் கால் வைக்கவில்லை. கட்லெக் நடத்திய உடற்கூறு வகுப்புக்கு மட்டும் தவறாமல் வந்தான். மே மாதம் பட்டம் வாங்கிக்கொண்டு, மேற்கே நாற்பது மைல் தள்ளியிருந்த அப்பாவின் பண்ணைக்குப் போய்விட்டான்.

ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். உதவிக் கோச், ஏதோ பொண்ணு விவகாரம் என்றார். பாதிரியார் தெய்வ அழைப்பு என்றார். கட்லெக்கின் மாமனார் எமில், எதிராளிக் கல்லூரி ஏதோ செய்துவிட்டது என்று அடித்துச் சொன்னார். லவான்தான் கேட்டாள்: "எடை குறைக்கிறேன்னு அந்தப் பிள்ளைய எத்தனை நாள் பட்டினி போட்ட?"

"மூணு நாள். எல்லாரும் போடறதுதான்."

"நானா இருந்தா ரெண்டாவது நாளே இறங்கிப் போயிருப்பேன்."

ஒரு விஷயம் அவருக்கும் லவானுக்கும் எமிலுக்கும் மட்டும் தெரியும். அந்தப் போட்டியோடு கோச் வேலையை விடுவதாக இருந்தார். எமிலின் டிராக்டர் கடையில் அவருக்கு ஒரு மேசை தயாராக இருந்தது. பேர்ப்பலகைகூட அடித்தாகிவிட்டது. ஆனால் அந்தப் போட்டிக்குப் பிறகு அவரால் போக முடியவில்லை. என்ன நடந்தது என்று தெரியாமல் எப்படிப் போவது? "இன்னும் ஒரு வருஷம்" என்றார். அடுத்த வருஷமும் அதையே சொன்னார். எமில் பொறுத்துப் பார்த்துவிட்டு மேசையை இரண்டாவது மருமகனுக்குக் கொடுத்தார். 'ஆர்லன்' பலகை கட்லெக்கின் கராஜில் ஆணிப் பெட்டிக்கு மூடியானது.

"உன்னோட 'ஒரு வருஷத்துக்கு' பதினாறு வயசாயிடுச்சு ஆர்லன்" என்றாள் லவான் ஒருநாள். "இனி அதுக்குக் கார் ஓட்ட லைசென்ஸ் எடுத்துக் குடுத்துடலாம்."

அந்தப் போட்டியின் படச்சுருள் ஒன்று கல்லூரியில் இருந்தது. சத்தம் பதிவாகாத படம். கட்லெக் அதை ஓட்டி ஓட்டிப் பார்த்தார். டெஸ்கியின் முகம் ஒரு கணம் தெரிகிறது, மூலையைப் பார்த்துத் தலையாட்டுகிறான். யாருக்கு? மூலையில் கட்லெக்கின் முதுகுதான் தெரிகிறது. தன் முதுகையே வருஷக்கணக்காகப் பார்த்து ஒன்றும் பிடிபடவில்லை.

டெஸ்கியிடம் நேரிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அந்தப் பக்கத்து ஆட்கள் மழை பற்றிக் கேட்பார்கள், சோளம் எவ்வளவு உயரம் என்று கேட்பார்கள், அதைத் தாண்டிக் கேட்பது நாகரிகமில்லை. கிறிஸ்துமஸுக்குக் கார்டு போனது, கார்டு வந்தது. 'எல்லாரும் சுகம். பனி அதிகம். ட்வைட்.' இதில் எங்கே போய் எதைத் தேடுவது?

இதற்கிடையில் அவரிடம் ஒரு மாற்றம் வந்தது. கத்தப் பயம் வந்துவிட்டது. வாயைத் திறக்கும்போதெல்லாம், இது அந்தப் பையன் காதில் என்னவாக விழுமோ என்று தோன்றும். முதலில் சத்தம் குறைந்தது, பிறகு நின்றே போனது. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அது எப்படியோ வேலை செய்தது. 1983-இல் அவர் அணி பிராந்தியக் கோப்பையை வாங்கியது, அடுத்த வருஷமும் வாங்கியது. செய்தித்தாளில் 'மௌனமே அவர் பாடம்' என்று படம் போட்டு எழுதினார்கள். வேறு கல்லூரிக் கோச்சுகள் வந்து ரகசியம் கேட்டார்கள்.

"ரகசியமெல்லாம் இல்ல. என்ன சொல்றதுன்னு தெரியல, அதான் சொல்லல."

"பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" என்றார்கள்.

கோப்பையைக் கையில் வாங்கும்போதுகூட அவர் மனசு பாதி அதில் இல்லை. தன்னால் ஜெயித்தார்களா, தான் சும்மா இருந்ததால் ஜெயித்தார்களா, தான் இல்லாமலே இருந்தாலும் ஜெயித்திருப்பார்களா? லவானிடம் கேட்டார். "நல்ல பையன்கள், நல்லா சாப்பிட்டாங்க" என்றாள். அவர் எடை குறைக்கப் பட்டினி போடுவதை எப்போதோ விட்டிருந்தார். அதுதான் காரணமாக இருக்குமோ என்று அன்றிலிருந்து அதுவும் ஒரு யோசனை.

2001 அக்டோபரில் '76 அணிக்குக் கல்லூரி விருந்து வைத்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பன்றித் தொடை வறுவல், பாலில் வேகவைத்த உருளைக்கிழங்கு, பழம் வைத்துச் சுட்ட 'பை' மூன்று வகை. டெஸ்கி வரமாட்டான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வந்துவிட்டான். தலை வழுக்கை, வயிறு முன்னால், பக்கத்தில் பளிச்சென்று பேசுகிற மனைவி ஜோலீன். கட்லெக்கைப் பார்த்ததும் அவள் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானா அந்தக் கோச்! இவரு ஊமைன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா உங்களப் பத்தின்னா மட்டும் சொல்லிடுவாரு. 'கோச் சொன்னாரு, நான் கேட்டேன்'னு."

"நான் என்னம்மா சொன்னேன்?"

ஜோலீன் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். டெஸ்கி காபிக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"விட்டுடுன்னீங்களே கோச்."

கட்லெக் அவன் பக்கமாகக் குனிந்தார். "அது... அவன விடுன்னுதானே சொன்னேன்? நாலு வருஷமா ஆயிரம் தடவை சொல்லியிருக்கேனே. ஆயிரம் தடவையும் ஒழுங்கா அவனத்தானே விட்ட?"

"ஆமா."

"அன்னைக்கு மட்டும் என்ன?"

"அதான் எனக்கும் தெரியல கோச். அன்னைக்கு நீங்க சொன்ன விதம் வேற மாதிரி இருந்துச்சு. கத்தல. பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி சொன்னீங்க. நான் பாத்தேன், நீங்களும் தலையாட்டினீங்க. சரி, இவருக்குத் தெரியுதுன்னு நினைச்சேன்."

"நான் தலையாட்டினேனா?"

"ஆட்டினீங்களே."

கட்லெக் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தான் கத்தினது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. தொண்டை எரிந்தது நினைவிருந்தது. இல்லை, அது அதற்கு முந்தின ஆட்டத்தில் எரிந்ததா? மெல்ல, இதுவரை குடும்பத்துக்கு வெளியே யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். "ட்வைட், அந்த வாரம் நான்தான் எல்லாத்தையும் விட்டுடறதா இருந்தேன். மாமனார் கடைக்குப் போறதா."

"அப்ப உங்களுக்கு நீங்களே சொல்லிக்கிட்டதையா நான் கேட்டுட்டுப் போனேன்?"

"அப்படி இருந்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகமில்ல."

"நான் போனேன், நீங்க இருந்துட்டீங்க" என்றான் டெஸ்கி. அதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே தெரியாத மாதிரி காபிக் கோப்பையை மறுபடி எடுத்தான்.

"அதுக்காக வருத்தப்பட்டதுண்டா?" என்றார் கட்லெக்.

"அன்னைக்கு பஸ்ல சாப்பிட்டேனே, அந்த ருசி அப்புறம் எதுலயும் வந்ததில்ல கோச்."

"ஏங்க, என் சமையல என்ன சொல்றீங்க?" என்றாள் ஜோலீன். மேசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். பேச்சு இந்த வருஷச் சோளத்துக்குத் திரும்பிவிட்டது.

வீட்டுக்குப் போகும்போது லவான் கார் ஓட்டினாள். "இருபத்தஞ்சு வருஷமா கேக்கணும்னு இருந்தியே, கேட்டுட்ட. இப்ப தெரிஞ்சுதா?"

"முன்னாடி ஒரு விஷயம் தெரியாம இருந்துச்சு. இப்ப ரெண்டு."

அடுத்த வசந்தத்தில் வேலையை விட்டார். விளையாட்டுத் துறைத் தலைவர் காரணம் கேட்டார். உடம்பா, மனசா, சம்பளமா? எதுவும் இல்லை என்றார். உண்மையில் ஏன் அந்த வருஷம், ஏன் அதற்கு முந்தின வருஷம் இல்லை என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. ஒரு திங்கட்கிழமை எழுந்தார், கடிதம் எழுதினார், மதியம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவர் இடத்துக்கு ஒகலஹோமாவிலிருந்து ரெக்ஸ் பீவி என்பவர் வந்தார். நாற்பதைத் தொட்டவர், நல்ல கோச், சட்டைப்பையில் எப்போதும் ஒரு குறிப்பேடு வைத்திருப்பார். டிசம்பரில் முதல் போட்டிக்கு முன்னால் கட்லெக்கைத் தேடி வீட்டுக்கே வந்துவிட்டார். லவான் இலவங்கப்பட்டை ரொட்டியும் காபியும் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். மூலையில உக்காந்தா கத்தணுமா, பேசாம இருக்கணுமா?"

கட்லெக் நிஜமாகவே யோசித்தார். காபி ஆறுகிற வரை யோசித்தார். "ரெண்டும் செஞ்சு பாத்துட்டேன். எனக்குத் தெரியல" என்றார்.

பீவி சிரித்துக்கொண்டே குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

"இல்லய்யா, நிஜமாத்தான் சொல்றேன். தெரியல."

அதையும் எழுதிக்கொண்டார்.