தொர எந்தப் பக்கம்?

போன ஞாயிறு கொட்டகலைப் பக்கம் ஒரு புது வீட்டில் கதவு நிலை வைக்கும் விசேஷத்துக்குப் போயிருந்தேன். வீடு இருந்தது. வாசலைத்தான் காணோம்…

வீடு என் அக்கா மகன் செல்வாவுடையது. கல்யாணமான கையோடு, தேயிலைத் தோட்டத்தில் கிடைத்த காணித் துண்டில் கட்ட ஆரம்பித்துவிட்டான். அவன் மனைவி நிரோஷா, தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று – ரோட்டைப் பார்த்த வாசல். கதவைத் திறந்தால் எதிரே பஸ் போக வேண்டும், நாலு ஆட்கள் போக வேண்டும். பெரிய ஆசையா என்ன?

அக்கா தேங்காயும் குங்குமமுமாக முன்னால் நடந்தார். ரோட்டுப் பக்கம் முழுச் சுவர். சுற்றிப் போனோம். வாசலுக்கு விட்ட இடைவெளி பின்னால், வெட்டிய மண்மேட்டைப் பார்த்து இருந்தது. வெளியே ஓர் அடி வைத்தால் நெற்றியில் மண் ஒட்டும். மேட்டுக்கு மேலே தேயிலை. அதற்கும் மேலே தோட்டத்துத் துரையின் பங்களா.

"என்னாங்க பாஸ் இது?" என்றான் செல்வா.

மேசன் பாஸ் சிங்களவர். நல்ல மனுஷன், தமிழ் பாதி பேசுவார்; தம்பியை மல்லி என்பார், தங்கையை நங்கி என்பார். "மல்லி தானே சொன்னது? நான் போன்ல கோல் எடுத்து கேட்டது, தொர எந்தப் பக்கம்னு. மல்லி மேல் பக்கம் சொன்னது."

செல்வா தலையில் கை வைத்துக்கொண்டான். சிங்களத்தில் தொர என்றால் கதவு. தோட்டத்துப் பிள்ளைக்குத் தொர என்றால் துரைதான், வேறு யார்? மணல் லொறி உள்ளே வர துரையிடம் கேட்க வேண்டுமாக்கும் என்று நினைத்து, வெளியூரில் தான் வேலை செய்யும் கடையின் இரைச்சலுக்கு நடுவே பங்களா இருக்கும் திசையைச் சொல்லியிருக்கிறான்.

பிளான் இல்லையா என்பீர்கள். இருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பினானாம். பாஸிடம் இருப்பதோ பட்டன் போன்.

"நல்ல நேரம் போகுது. இப்பிடியே வச்சிருவோம், பொறகு பாத்துக்கலாம்" என்றார் அக்கா.

இந்தப் 'பொறகு பாத்துக்கலாம்' இருக்கிறதே… நம்முடைய ரோடு, தண்ணீர், சம்பளம் எல்லாம் இந்த ஒரு சொல்லில்தானே தொங்கிக்கொண்டிருக்கிறது? செல்வாவும் தலையாட்டத் தொடங்கினான். எனக்குக் கோபமே வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக, காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் துரை முகத்தைப் பார்த்து நின்றது போதாதா? சொந்த வீட்டுக்கும் அந்தத் திசைதானா?

நிரோஷா ரோட்டுப் பக்கம் போய், அந்த முழுச் சுவர் முன்னால் நின்றாள். அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"பாஸ், இந்தச் செவர ஒடைங்க."

பாஸ் தயங்கினார். ஒரு தடவை சூடு கண்டவர் அல்லவா? "சரியா சொல்லுங்க நங்கி. தொர எந்தப் பக்கம்?"

"இந்த வீட்டுக்கு நான்தான் தொர. நான் நிக்கிற பக்கம் வைங்க."

அன்றைக்கே சுவர் உடைந்தது. பங்களாவைப் பார்த்த ஓட்டையை மட்டும் அடைக்கவில்லை – பின்பக்கக் கக்கூஸுக்குப் போக ஒரு வழி வேண்டாமா?