முதல் பைப்பின் முனை

ஏசுபாதம் கம்பெனியை விட்டுப் போனது 1986-இல், ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்கிய முதல் நாள். மிஷினுக்கு அவரே வைத்த சந்தனப் பொட்டு இன்னும் உதிரவில்லை. சாப்பாட்டுத் தூக்கோடு கேட்டைத் தாண்டி வண்டலூர் ஸ்டேஷன் பக்கம் நடந்தவரை, சாமுண்டீஸ்வரி சோதனை அறை ஜன்னலில் நின்று பார்த்தாள். கூப்பிடவில்லை.

அவள் அப்பா விற்ற நிலத்தில்தான் அந்தக் கம்பெனி எழுந்தது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்ற பேச்சில் அவளுக்கு இடம் கிடைத்தது. தீபாவளிக்குப் பிறகு நிரந்தரம் என்றிருந்தார்கள். பைப்பில் அறுத்த வளையத்தை, வெல்டு பக்கவாட்டில் வரும்படி பிரஸ்ஸில் வைத்து நசுக்குவது அவள் வேலை. பிளக்காமல் தட்டையானால் பைப் தேறியது. தகட்டைச் சுருட்டி வெல்டு வைக்கும் மிஷின் ஏசுபாதத்தின் கையில்.

"இன்னா சாமுண்டி, பைப்பை நசுக்கினுகிறியா, வடை தட்டினுகிறியா?" என்பார்.

"உங்க வெல்டு உளுந்து மாவாட்டம் கீது, நான் இன்னாண்ணா பண்றது?"

அவர் வெல்டு ஒரு நாளும் பிளந்ததில்லை. அந்தத் தைரியத்தில்தான் இந்தக் கேலியெல்லாம்.

ஆறிக் கிடந்த மிஷினை ஓட்டினால், சூடு நிலைக்கும்வரை வெல்டு சரியாகப் பிடிக்காது. அதனால் முதல் பைப்பின் முனையை வளையம் வளையமாக அறுத்து, உள்பக்கம் சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுவார்கள். அன்று பைப் வாங்குகிறவர்களின் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்திருந்தார். சீக்கிரம் சோதித்துக் காட்டச் சொல்லி மேனேஜர் விரட்டினார். சாமுண்டீஸ்வரி ரம்பத்தடியில் கிடந்த வளையம் ஒன்றை எடுத்து வைத்தாள். பாதி நசுங்குவதற்குள் பட்டென்று பிளந்தது.

ஏசுபாதம் ஓடி வந்தார். "சாமுண்டி, இது மொத முனை இல்லியே?"

"இல்லண்ணா."

பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினாள்.

"அது சொன்னா சரிதான் சார். என் கண்ணுதான் மங்கிப்போச்சு போல" என்றார் அவர். இன்ஸ்பெக்டர் எதிரில் மானம் போன ஆத்திரத்தில், இனி வரவேண்டாம் என்றார் மேனேஜர்.

எல்லோரும் நகர்ந்த பிறகுதான் அவள் வளையத்தைப் புரட்டினாள். உள்ளே சிவப்புக் குறி. ஏசுபாதம் அப்போது கேட்டருகே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் தன் வேலை போகும். வளையத்தைக் கழிவு டிரம்மில் போட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தாள்.

வேலை நிரந்தரமானது. அதன்பின் ஒவ்வொரு வளையத்தையும் உள்ளே பார்க்காமல் அவள் பிரஸ்ஸில் வைத்ததில்லை. ஏசுபாதம் வேறெந்த மிஷினையும் தொடவில்லை, காட்டாங்குளத்தூர் கல்லூரியில் வாட்ச்மேனாகச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று ஒருநாள் ரயிலேறினாள். அடுத்த ஸ்டேஷனான ஊரப்பாக்கத்திலேயே இறங்கித் திரும்பிவிட்டாள்.

1997-இல் தாம்பரம் மார்க்கெட்டில் ஏசுபாதத்தின் மனைவி சாராள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்னைப் பார்த்தா சொல்லச் சொன்னாரும்மா. அன்னிக்கு நீ மட்டும் கண்டுபிடிக்கலேன்னா, அவரு போட்ட பைப்பு எங்கியாவது வெடிச்சு யார் உசுரையாவது வாங்கியிருக்குமாம். அந்தப் பாவத்துலேர்ந்து சாமுண்டிதான் என்னைக் காப்பாத்துச்சுன்னு தினம் ஜெபத்துல உன் பேரைச் சொல்றாரு."