ஆறாம் தொட்டியில் ஒன்று

மாங்குளத்துத் தாட்சாயினி தென்துருவத்தைக் கண்டதில்லை. குளிர் என்றால் அவளுக்கு மார்கழி மழைதான். ஆனாலும் அந்தத் துருவத்துக் கடலில் யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று எண்ணுவதுதான் அவளுடைய வேலை. உயிரியல் படித்துவிட்டு, வீடு வீடாக ரியூசன் கொடுத்துக் களைத்துப்போன முப்பத்திரண்டு வயதுக்காரிக்கு இணையத்தின் வழியே வாய்த்த வேலை அது.

சங்கதி இதுதான். நாம் எரித்துத் தள்ளும் புகையில் ஒரு பங்கைக் கடல் குடித்துவிடுகிறது. குடிக்கக் குடிக்க அதன் நீர் புளித்துக்கொண்டு போகிறது. தென்துருவக் கண்டத்தின் கரையில் ஆய்வாளர்கள் ஆறு தொட்டிகளில் கடல்நீரை நிரப்பி, ஒன்றைவிட ஒன்றைக் கூடுதலாகப் புளிக்க வைத்து, உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் என்ன பாடுபடுகின்றன என்று பார்த்தார்கள். நுணுக்குக்காட்டியில் எடுத்த படங்கள் தாட்சாயினிக்கு வரும். கண்ணாடி ஓடு போர்த்த பெரிய பாசிகளை மட்டும் அவள் எண்ண வேண்டும். பெரிய என்றால், மற்ற நுண்ணுயிர்களோடு பார்க்கையில் பெரிய. வெறும் கண்ணுக்குத் தெரியாது. அவைதான் அங்கே கூனிறாலுக்குச் சோறு. கூனிறால் இல்லையென்றால் திமிங்கிலமும் பட்டினி.

எண்ணும்போது படத்திலிருந்து கண்ணை எடுத்தால் எண்ணியது எது, எண்ணாதது எது என்று குழம்பிப்போகும். அதனால் ஒவ்வொன்றையும் கண்டதும் அவள் "ஓம்" என்பாள். பக்கத்துக் கதிரையில் இருக்கும் அப்பா ஏரம்பு, ஒரு ஓமுக்கு ஒரு கோடு என்று கொப்பியில் இழுப்பார். வவுனிக்குளத்து வயலில் நாற்பது வருசம் நின்ற மனுசன். முழங்கால் கைவிட்டு வீட்டோடு இருந்தவருக்கு இந்த உத்தியோகத்தில் ஒரே பெருமை. படத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார். "என்ரை வேலை கோடு," என்பார். அப்பா எழுதுகிறார் என்று அவள் ஆய்வாளர்கள் யாருக்கும் சொல்லவில்லை.

நாலு மாதம் எண்ணி எல்லாவற்றையும் அனுப்பினாள். மூன்றாம் நாள் ஆய்வுப் பொறுப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மிகவும் புளித்த ஆறாம் தொட்டியில் இருநூற்றுப் பன்னிரண்டு படங்களுக்குப் பூச்சியம் போட்டிருக்கிறீர்கள். இங்கே இன்னொருவர் பார்த்த சிலவற்றில் உயிர் தெரிகிறது. வெள்ளிக்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் உங்கள் எண்ணிக்கை முழுவதையும் விலக்க வேண்டிவரும் என்றிருந்தது.

தாட்சாயினி பூச்சியம் போட்ட படம் ஒன்றைத் திறந்தாள். ஒரு பாசி கிடந்தது. அடுத்ததிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும் ஒன்று! கண் பழுதாகிவிட்டதோ என்று பயந்து, வவுனியாவில் கண் வைத்தியரிடம் காட்டுவதற்குக்கூட இலக்கம் எடுத்துவிட்டாள்.

பிறகு முதலாம் தொட்டிப் படம் ஒன்றைத் தனியே எண்ணினாள். அறுபத்தைந்து. கொப்பியில் அறுபத்துநாலு. இன்னொன்றில் எழுபத்திரண்டு, கொப்பியில் எழுபத்தொன்று. அட, கண் பழுதென்றால் இப்படி அச்சொட்டாக ஒவ்வொன்றுதான் பிழைக்குமோ?

வியாழன் காலை அப்பாவைக் கூப்பிட்டு இருத்தினாள். இந்த முறை படத்தை விட்டுவிட்டு, கொப்பியைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஓம்."

பேனை அசையவில்லை.

"ஓம்."

ஒரு கோடு விழுந்தது.

"அப்பா, முதலாவதுக்கு ஏன் கோடு போடேல்லை?"

"அது பிள்ளையாருக்கெல்லோ," என்றார் ஏரம்பு, இதுவும் ஒரு கேள்வியா என்பதுபோல. "நெல்லு அளக்கேக்க முதல் மரக்காலை 'லாபம்' எண்டு சொல்லிப் புறம்பா வைக்கிறேல்லையே? அதையும் ஆரேன் கணக்கில சேப்பினமோ?"

"ஐயோ அப்பா! நாலு மாசமாவோ?"

"பின்னை? ஒரு நாளும் நான் பிசகேல்லை."

அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது சிரிப்பு. மேசையில் தலையை வைத்து வயிறு நோகச் சிரித்தாள். கண் நல்லாகத்தான் இருக்கிறது! பிழையும் ஒரே அளவான பிழை. எண்ணிக்கை இருக்கிற படத்துக்கெல்லாம் ஒன்றைக் கூட்டினால் போதும். பூச்சியப் படங்களில்தான் சிக்கல், ஒன்றுமே இல்லாததும் பூச்சியம், ஒன்றே ஒன்று இருந்ததும் பூச்சியம். அவற்றை மட்டும் திரும்பப் பார்க்க வேண்டும்.

அன்று மாலைக்குள் பார்த்து முடித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டில் நூற்று முப்பத்தொன்றில் ஒவ்வொன்று இருந்தது. அனுப்பும்போதுதான் கை தயங்கியது. அப்பாவை மறைத்து வேறு சாட்டுச் சொல்லலாம். உண்மையைச் சொன்னால், கேட்காமல் ஆளைச் சேர்த்ததற்கே வேலை போகலாம். அரை மணித்தியாலம் யோசித்தாள். போனால் போகட்டும் என்று மரக்கால், பிள்ளையார் எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினாள்.

வெள்ளி மத்தியானம் பதில் வந்தது. எண்ணிக்கை செல்லும். வேலையும் தொடரும். அப்பாவும் எழுதலாம், ஆனால் முதலாவதிலிருந்து. கடைசியில் ஒரு வரி: "அந்தத் தொட்டி ஒட்டுமொத்தமாகச் செத்துவிட்டதோ என்று இத்தனை நாளாக எனக்கு நித்திரையில்லை."

தாட்சாயினிக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல இருந்தது. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினாள். தன் கோட்டால் வந்த வில்லங்கம் முந்தின நாள் தெரிந்ததிலிருந்து முகம் சுருங்கி, தேத்தண்ணியும் குடிக்காமல் இருந்தவர், நிமிர்ந்து இருந்தார்.

"அப்ப அங்க எல்லாம் சாகேல்லையே?"

"இல்லையப்பா. நல்லாக் குறைஞ்சு போச்சுது. ஆனா இருக்கு."

"எங்க, ஒண்டைக் காட்டு பாப்பம்."

ஆறாம் தொட்டிப் படமொன்றைத் திறந்தாள். கலங்கல் நடுவே, ஓரம் தேய்ந்த கண்ணாடி வட்டமாக ஒன்று தனியே கிடந்தது. ஏரம்பு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து, திரைக்குக் கிட்டப் போய்க் கனநேரம் பார்த்தார்.

"இவரோ? இவரையோ நான் இல்லையெண்டு எழுதினனான்?"

கொப்பியை இழுத்து, அந்தப் பூச்சியத்தை வெட்டி, பக்கத்தில் ஒரு கோடு போட்டார்.