என் பெயரைச் சொல்லித் திறந்த கரைப்பாதை

"மேடம், நாங்க டீச்சருக்குத் தெரிஞ்சவங்க" என்று அந்த இளைஞன் சொன்னபோது நான் ஏரிக்கரையின் நடுவில் வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மாசி மாதக் கடைசி. சனிக்கிழமை சிறப்பு வகுப்பு முடிந்து பள்ளியிலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தேன். எதிரே மூன்று பெரிய பைக்குகள். வாகனம் வரக்கூடாத கரை அது. நான் வழியை மறித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, முன்னால் வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் பேசினான். எந்த டீச்சர் என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, என் பெயரை இனிஷியலோடு சொன்னான். "யாராவது நிறுத்தினா அவங்க பேரைச் சொன்னா போதும்னு இதுல போட்டிருக்கு மேடம்." காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். கம்ப்யூட்டரில் அச்செடுத்தது. வெள்ளைத் தாளில் வளைந்து வளைந்து ஒரு கோடு, அதன் கீழே ஆங்கிலத்தில் குறிப்புகள். இரட்டைப் பனைமரத்தைத் தாண்டியதும் இடது பக்கம் இறங்க வேண்டும், அங்கே மண் கெட்டியாக இருக்கும், பிறகு கருவேல மரங்களுக்கு நடுவே போனால் பறவைக் கூடுகள். அத்தனையும் நான் வாயால் சொன்ன விவரங்கள். அடியில் எழுதியவன் பெயராக, என் தம்பியை வீட்டில் நாங்கள் கூப்பிடும் செல்லப்பெயர் இருந்தது.

அந்த ஏரியின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தாமலுக்கு அப்பால், மேற்கே இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். தாமல் ஏரிபோலப் பெரியது இல்லை. மூன்று சிற்றூர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் சின்ன ஏரி. அதன் அக்கரையில் இருந்த நடுநிலைப் பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. வீடு சின்னக் காஞ்சிபுரத்தில். காலையில் தெருவை அடைத்து, தறிக்கான நூலைப் பாவாக நீட்டியிருப்பார்கள். மொபெட்டை ஓரமாகத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரை போய்த்தான் ஏறி உட்கார முடியும். தார்ச்சாலை வழியாகப் பள்ளிக்குப் போனால் சுற்று. கரைமேல் போனால் பாதி நேரம். வேலையில் சேர்ந்த முதல் வாரமே மொபெட்டைக் கரைமேல் ஏற்றினேன். அப்போதுதான் அவர் எதிரே வந்து நின்றார்.

அவரை ஊரில் எல்லோரும் நீர்கட்டி என்றுதான் சொல்வார்கள். மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு என்றைக்குத் தண்ணீர் என்று முறைவைத்து விடுகிற வேலை. காலனியில் வீடு. அவருடைய அப்பாவும் அதே வேலை பார்த்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். தோளில் மண்வெட்டி, காலில் ரப்பர் செருப்பு, ஆனால் கரைமேல் ஏறும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்வார். "டீச்சர், வண்டிய எறக்கிடுங்க. கரை நடக்கறதுக்குத்தான்" என்றார். நான் கொஞ்சம் கோபமாகவே, இந்தச் சின்ன வண்டியால் என்ன ஆகிவிடும் என்றேன். அவர் குனிந்து, என் சக்கரம் போட்ட தடத்தில் விரலை வைத்துக் காட்டினார். "மழத் தண்ணி இதுல எறங்கும். எறங்கினா அறுத்துக்கினே போவும். ஒரு வண்டி போச்சுன்னா அதே தடத்துல அடுத்த வண்டி போவும்." அன்றிலிருந்து மொபெட்டை இக்கரையில் ஒரு டீக்கடை ஓரம் விட்டுவிட்டு நடந்தேன். பத்து வருடத்துக்கு மேல் அப்படித்தான் நடந்தேன். கரையின் இரண்டு முனையிலும் அவர் முள் வெட்டிப் போட்டிருப்பார். ஆள் நடக்க மட்டும் ஓரத்தில் இடம் இருக்கும்.

எனக்கு வரைபடம் என்றால் பைத்தியம். உலகப் படத்தைச் சுவரில் மாட்டி நதிகளைக் காட்டுவதைவிட, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் ஊரையே வரையச் சொல்வதுதான் எனக்குப் பிடித்த பாடம். ஒவ்வொரு வருடமும் ஆறாம் வகுப்பை ஏரிக்கு அழைத்துப் போவேன். மதகு எது, உபரித் தண்ணீர் வழிந்து போகிற கலங்கல் எது, எந்தக் கால்வாய் யார் நிலத்துக்குப் போகிறது என்று அவர் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரைவார்கள். ஒன்றை மட்டும் அவர் அனுமதிக்கவில்லை. ஏரியின் உட்புறம் கருவேலங்காட்டுக்குள் ஒரு மண்திட்டு வழியாகப் போனால் நாரைகளும் வக்காக்களும் கூடு கட்டுகிற மரங்கள் இருக்கும். கார்த்திகையிலிருந்து பங்குனி வரை அங்கே ஒரே சத்தம். "அந்த வழிய மட்டும் படத்துல போடாதீங்க டீச்சர். பாத்தவன் சும்மா இருந்தாலும் படத்த வச்சிக்கினு இன்னொருத்தன் வருவான்" என்றார். பறவை பிடிக்கிறவர்களுக்குப் பயந்து சொன்னார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. என் பிள்ளைகள் வரைந்த எல்லாப் படங்களிலும் அந்த மூலை காலியாகவே இருந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருமுறை ஏன் இங்கே ஒன்றுமில்லை என்று கேட்டார். தண்ணீர் சார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

தம்பி என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன். அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது. அவனைப் பள்ளிக்கு அனுப்பியதும், காய்ச்சலில் கஞ்சி ஊட்டியதும், பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்க வரிசையில் நின்றதும் நான்தான். இதைக் கணக்குக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அவன் எது சொன்னாலும் நான் ஏன் நம்பினேன் என்பது புரிவதற்காகச் சொல்கிறேன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்து, பெரிய பைக் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் சாலையில்லாத இடங்களைத் தேடிப் போகிற ஒரு கூட்டத்தில் சேர்ந்திருந்தான். பொங்கலுக்கு வந்தபோது கைக்கு அடக்கமான மஞ்சள் கருவி ஒன்றைக் கொண்டுவந்தான். செல்போனில் வரைபடமெல்லாம் வராத காலம். மாடியில் நின்று வானத்தைப் பார்க்க அதைப் பிடித்ததும், நாங்கள் நிற்கும் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் எண்களாக வந்தன. இத்தனை வருடம் உருண்டையைச் சுழற்றிச் சொல்லிக்கொடுத்தது என் வீட்டு மாடியில் எண்ணாக நிற்பதைப் பார்த்து, அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தேன். அவன் கேட்கவேயில்லை. நான்தான் கேட்டேன், என் ஏரியை இதில் பார்க்கலாமா என்று.

மறுநாள் காலை போனோம். நீர்கட்டியிடம் நான்தான் அனுமதி கேட்டேன். தம்பி என்றதும் அவருக்குச் சந்தோஷம். கருவியைப் பார்த்து, "இது போட்டா புடிக்குமா?" என்று கேட்டார். "இல்லண்ணா. நாம நடக்கிற வழிய ஞாபகம் வச்சுக்கும்" என்றான் தம்பி. அவர் "யாருக்கு?" என்று கேட்டார். தம்பி சிரித்தான். "எனக்குத்தாண்ணா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்." அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவர் முள்ளை ஒதுக்கிவிட்டு முன்னால் நடந்தார். இரட்டைப் பனை, இடது பக்கம் இறக்கம், மண்திட்டு, கருவேலங்காடு. ஒவ்வொன்றையும் நான் தம்பிக்கு ஆசையாக விளக்கிக்கொண்டே போனேன். கூட்டில் நாரைக் குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டு நின்றதைப் பார்த்து அவன் சின்னப் பிள்ளைபோல என் கையைப் பிடித்துக்கொண்டான். அன்று நான் எவ்வளவு நிறைவாக இருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அந்த மூன்று பைக்குகளையும் நான் திருப்பி அனுப்பிவிட்டேன். பையன்கள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்கள். ஆனால் கரைமுனையில் முள் இல்லை. மதகடியில் இருந்த நீர்கட்டியிடம் போய், எப்படி விட்டீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "நீங்கதானே அனுப்பிச்சீங்க. மூணு வாரமா சனி ஞாயிறுல வராங்க. டீச்சர் சொன்னாங்கன்றாங்க. வரப்பல்லாம் நான்தான் முள்ள எடுத்து உட்டேன்." நான் அனுப்பவில்லை என்று சொன்னேன். அவர் குனிந்து கால்வாயில் சேறு வாரத் தொடங்கினார்.

சாயங்காலம் தம்பியிடம் தொலைபேசியில் பேசினேன். அவனுக்கு என் கோபம் புரியவே இல்லை. "நான் யார்கிட்டயும் சொல்லலையேக்கா. எங்க குரூப் சைட்ல ஒரு கோடு போட்டேன், அவ்ளோதான்." என் பெயரை ஏன் எழுதினாய் என்றேன். "உனக்கு ஒரு கிரெடிட் குடுக்கணும்னு தோணிச்சு. நல்ல எடம்க்கா, நாலு பேர் பாக்கட்டுமே. நீ மட்டும் வச்சிக்கினு என்ன பண்ணப் போற?" நம் தெருவில் பாவு நீட்டியிருந்தால் அதன்மேல் பைக்கை ஏற்றுவாயா என்று கேட்டேன். "அது ஒருத்தரோட சொத்துக்கா. இது ஏரி. பொது எடம்தானே." அழித்துவிடு என்றேன். அன்றைக்கே அழித்தான், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதற்குள் பலர் அதை இறக்கிக்கொண்டு, வேறு இணையப் பக்கங்களில் தங்கள் பெயரில் போட்டிருந்தார்கள். என் பெயரும் கூடவே போயிருந்தது. நீர்கட்டி மறுபடியும் முள் போட்டார். அவர் இல்லாத நேரம் பார்த்து வந்தவர்கள் அதை இழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். என் பெயரைச் சொன்னால் வழி உண்டு என்றுதான் எழுதியிருக்கிறதே.

கோடையில் தடம் பதிந்தது. ஐப்பசி மழையில் ஜீப்புகள் வந்தன. சேறு இருந்தால்தான் அவர்களுக்கு அந்த ஓட்டத்தில் ருசியாம். முழங்கால் ஆழத்துக்குக் கரைமேல் இரண்டு பள்ளங்கள் விழுந்தன. அவர் சொன்னபடியே தண்ணீர் அதில் இறங்கி அறுத்தது. ஒரு காலையில் நான் போனபோது மதகுக்குப் பக்கத்தில் கரை பாதி சரிந்திருந்தது. மூன்று ஊர் ஆண்களும் பெண்களும் மணல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நீர்கட்டி இடுப்பளவு தண்ணீரில் நின்று தார்ப்பாயை அணைத்துப் பிடித்திருந்தார். ஏரி உடையாமல் இருக்க மதகை முழுவதும் திறந்து தண்ணீரை விட்டார்கள். கரை நின்றது. ஆனால் அந்த வருடம் கடைமடை வயல்களுக்குத் தை மாதத்தில் தண்ணீர் இல்லை. கதிர் பால் பிடிக்காமலே காய்ந்தது. நாரைகளும் வரவில்லை.

ஊர்க்கூட்டம் பள்ளிக்கு எதிரே இருந்த புங்கமரத்தடியில் நடந்தது. ஐந்தாம் பாடவேளை. பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள், அவர் நின்றுகொண்டிருந்தார். யார் வண்டிகளை முதலில் விட்டது என்று கேட்டார்கள். "நான்தான் முள்ள எடுத்து உட்டேன்" என்றார். யார் சொல்லி என்று கேட்டார்கள். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்டபோதும் சொல்லவில்லை. நான் வகுப்பு ஜன்னலருகே சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். இருபது அடி தூரம்கூட இல்லை. பிள்ளைகளை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊரார் என்ன பேசுவார்கள், தம்பி பெயர் கெட்டுப்போகுமே என்றும் நினைத்தேன். மணி அடித்து நான் வெளியே வந்தபோது கூட்டம் கலைந்திருந்தது. மதகுச் சாவியை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் ஊர்த்தலைவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உடுங்க டீச்சர். நீங்க படிச்சவங்க, உங்களுக்கு என்னா தெரியும். அவன் முள்ள எடுக்கலன்னா வண்டி எப்படிப் போயிருக்கும்?" என்றார்.

அன்றே காலனிக்குப் போனேன். நீர்கட்டி எனக்கு நாற்காலி போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே பேசினார். "நீங்க அனுப்பலன்னு தெரியும் டீச்சர். அந்தப் பசங்க உங்க பேர சொன்னாங்க, அதான் சந்தேகம் வரல." கூட்டத்தில் ஏன் என் பெயரைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க சன்னல்ல நின்னுக்கினுதானே இருந்தீங்க" என்றார். அவர் மனைவி டீ கொண்டுவந்தார். குடித்தேன். அவர் பிறகு ஒரு தொழிற்சாலையில் காவல் வேலைக்குப் போனார். நான் மாறுதல் வாங்கிக்கொண்டு ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கு வந்துவிட்டேன். தம்பிமேல் வந்த கோபத்தை என்னால் எடுத்துச் சொல்ல முடிந்தது. என்மேல் அவருக்கு இருந்ததை அவர் அந்த ஒரு வாக்கியத்தோடு விட்டுவிட்டார்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். போன முறை வந்தபோது, தன் போனில் உலகத்தில் இருக்கிற காட்டுப்பாதை, மலைப்பாதை எல்லாம் இருக்கிற ஒரு செயலியைக் காட்டினான். எங்கள் ஏரியும் அதில் இருந்தது. போனவர்கள் நட்சத்திரம் போட்டு, வழி கரடுமுரடாகிவிட்டது, பறவை ஒன்றும் இல்லை என்று குறை எழுதியிருந்தார்கள். "இந்த வழிய மொதல்ல கண்டுபிடிச்சுப் போட்டது நான்தான்க்கா" என்றான். குரலில் பெருமை இருந்தது. நான் கேட்டேன், "அன்னிக்கு நம்மள முன்னால நடந்து கூட்டிக்கினு போனாரே, அவர ஞாபகம் இருக்குதா?"

அவன் போனிலிருந்து கண்ணை எடுத்து உண்மையாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கி, நினைவில் தேடிப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத முகம் அது, நான் வளர்த்த முகம்.

"இல்லையேக்கா" என்றான். "நீயும் நானும் மட்டும்தானே போனோம்."